சுடுதண்ணீர்க் குழாயும் இளம்பச்சைத் துணியும்

போன மாதம் மகள் கல்யாணத்துக்கு அழைக்க, நான் முன்பு வேலை பார்த்த சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். என் பழைய அறையில் இப்போது சுவர் முழுக்க ஒரு திரை. பாய்லர், கம்ப்ரஸர், ஒவ்வொரு மெஷின் எல்லாம் அதில் பச்சையும் சிவப்புமாக மின்னுகின்றன. நீராவிக் குழாய் எங்காவது கசிந்தால் இன்ஜினியரின் போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது.

டீ கொடுத்த இரண்டு இன்ஜினியர்களில் ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் இல்லாதப்ப எங்க வீணாகுதுன்னு எப்படீங்க சார் கண்டுபிடிச்சீங்க?"

"காதை வெச்சு, கையை வெச்சு" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். கிண்டலில்லை என்று தெரிந்ததும், கம்பெனியின் ஆண்டு மலருக்கு அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனிடம் அப்படிக் கேட்டால் அவன் எழுதாமல் இருப்பானா?

என் ஊர் உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. பிறகு நூற்பாலையில் சில வருஷம், பாய்லர் பரீட்சை, கல்யாணம், திருப்பூர். என் வாலிபம் இந்த இரண்டு வரியில் அடங்கிவிடும். சொல்வதற்கு உருப்படியாக ஏதாவது நடந்தது அவிநாசி ரோட்டை ஒட்டிய இந்தப் பட்டறைக்கு வந்த பிறகுதான்.

வெளியார் சாயப்பட்டறை என்றால் சாயத்தைத்தான் நினைப்பார்கள். என்னைக் கேட்டால் அது பெரிய வெந்நீர் அடுப்பு. பின்னிய துணியைக் கொதிக்க வைத்து அழுக்கெடுக்க வேண்டும். சாயம் ஏற்ற வேண்டும். மறுபடி சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்து அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் பிடித்து, சூடாக்கி, வேலை முடிந்ததும் சாக்கடையில் விட வேண்டும். அத்தனை சூட்டுக்கும் பாய்லரில் விறகு எரிந்தபடியே இருக்கும். அந்த விறகும் கரண்டும் எங்கே வீணாகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை.

அந்த வேலைக்கு என்னை எடுத்தவர் மேனேஜர் சென்னியப்பன். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதையும் ஏறிவிடும். சாதாரணமாகப் பேசும்போது "மூர்த்தி, இதைப் பாருங்க" என்பார். "மூர்த்தீங்க, சித்த இங்க வாங்கீங்க, இதென்னங்க இப்பிடி இருக்குதுங்க" என்று ஒரே மூச்சில் வந்துவிட்டால் நமக்குக் கேடுகாலம். முதல் நாளே அதைக் கேட்டேன். பாய்லரிலிருந்து வரும் குழாய் ஒன்று மேலுறை இல்லாமல் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்று, அனல் முகத்தில் அடிக்க, "ஏனுங்க மூர்த்தீங்க, இந்தச் சூடு இப்ப எங்கீங்க போகுதுங்க?" என்றார்.

"காத்துலீங்க சார்."

"காத்துக்கு எதுக்குங்க நம்ம வெறகுங்க?"

அந்தக் குழாய்க்கு உறை போட்டேன். அதோடு விட்டாரா? எதன் முன்னால் நின்றாலும் அதே கேள்வி. இந்தத் தண்ணி எங்கீங்க போகுது, இந்தக் காத்து எங்கீங்க போகுது. பதில் தெரியாவிட்டால் திட்டமாட்டார். பதில் கிடைக்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருப்பார். அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பட்டறைக்கு வரச் சொன்னார். அன்று விடுமுறை. எந்த மெஷினும் ஓடவில்லை. இருவரும் நடுக்கூடத்தில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்த கம்ப்ரஸர் தானாகக் கிளம்பி ஓடி, நின்றது. மறுபடி கிளம்பியது. மெஷின்களின் வால்வுகளை அசைக்கக் காற்றை அமுக்கித் தருகிற இயந்திரம் அது. யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோது அது ஏன் ஓட வேண்டும்?

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். "கேளுங்க" என்றார்.

நானும் மூடினேன். பட்டறை முழுக்க உஸ் என்ற சத்தம். வாரத்தில் மற்ற நாளெல்லாம் மெஷின் இரைச்சலில் மறைந்து கிடந்த சத்தம். தலைக்கு மேலே ஒன்று, சுவரோரம் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று. சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினோம். நுரை எங்கே குமிழி விடுகிறதோ அங்கே ஒரு பனியன் துணி நாடாவைக் கட்டினோம். கழிவுத் துணிக்கா எங்களிடம் பஞ்சம்? சிவப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் கட்டி முடித்தபோது பட்டறை தேர்த் திருவிழாவுக்குத் தயாரானதுபோல் இருந்தது. திங்கள்கிழமை வேலைக்கு வந்த பெண்கள், "என்னங்க சார், ஆருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார்கள்.

கசிவை அடைத்து ஒவ்வொரு நாடாவாக அவிழ்த்தோம். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. துணியை விரித்துச் சூடான காற்றில் காய வைக்கிற ஸ்டென்டர் என்ற நீள மெஷினுக்குப் பின்னால், காற்றுக் குழாயிலிருந்து ஒரு ரப்பர் டியூப் கிளை பிரிந்திருந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத டியூப். மறைந்து நின்று பார்த்தேன். அந்த மெஷினை ஓட்டுகிற ஒடிசாக்காரர் சுகுமார் வந்தார். டியூபை எடுத்துச் சட்டைக் காலருக்குள் விட்டு, வால்வைத் திறந்தார். சட்டை பலூன்போல் உப்பியது. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

எனக்கு வந்ததே கோபம். அந்தக் காற்றைத் தயாரிக்க எவ்வளவு கரண்ட் ஆகும் என்று தமிழும் அரைகுறை இந்தியும் கலந்து கத்தினேன். சுகுமார், "கர்மி சார், பகுத் கர்மி", ரொம்பச் சூடு என்று மட்டும் சொன்னார். சத்தம் கேட்டு வந்த சென்னியப்பன் நேரே சுகுமார் நிற்கிற இடத்தில் போய் நின்றார். நின்றார், நின்றார், சட்டை நனைகிறவரை நின்றார்.

"மூர்த்தீங்க, சித்த இங்க வந்து நில்லுங்கீங்க."

நின்றேன். முழங்காலுக்கு நேரே அனல் வந்து தாக்கியது. மெஷின் கதவைச் சுற்றி அடைப்பாக இருக்க வேண்டிய பட்டை கருகி உதிர்ந்துபோயிருந்தது. துணியைக் காய வைக்க வேண்டிய சூடு சுகுமாரைக் காய வைத்துக்கொண்டிருந்தது.

"காத்து திருட்டைக் கண்டுபுடிச்சீங்க, சரி. அடுப்பு தொறந்து கெடக்கறதை ஆருங்க கண்டுபுடிக்கிறது?" என்றார்.

கதவுகளுக்குப் புதுப் பட்டை போட்டு, சுகுமாருக்கு ஒரு மின்விசிறியும் மாட்டினோம். அதன்பிறகு அந்த மெஷின் குறைந்த எரிபொருளில் துணியைச் சீக்கிரமே காய வைத்தது. சில நாளில் சுகுமார் அந்த டியூபைச் சுருட்டி என் மேஜைமேல் வைத்தார். "இப்போ டீக் சார், எல்லாம் சரி. ரொம்பக் குளிரு. ஸ்வெட்டர் வேணும்" என்று சொல்லிவிட்டு, நான் விழித்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

இனி பெரிய கதைக்கு வருகிறேன்.

எங்கள் பட்டறையில் என்னை மிகவும் உறுத்திய காட்சி பின்பக்கச் சாக்கடை. மெஷின்களிலிருந்து வரும் சாயத் தண்ணீர் அதில் ஆவி பறக்க ஓடும். அது போய்ச் சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில், இவ்வளவு சூடாகத் தண்ணீர் அனுப்பினால் அழுக்கைத் தின்னும் கிருமிகள் செத்துப்போகின்றன என்று புலம்புவார்கள். அதே நேரம் முன்பக்கம் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, விறகு எரித்துச் சூடாக்கிக்கொண்டிருப்போம். பின்பக்கத்துச் சூட்டை முன்பக்கத்துக்குக் கொண்டுவர முடியாதா?

முடியும். மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கிய கருவி ஒன்று உண்டு. தகட்டின் ஒரு புறம் சூடான அழுக்குத் தண்ணீர், மறுபுறம் குளிர்ந்த நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காது. சூடு மட்டும் தகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். முதலாளியிடம் நான் ஒரு வருஷம் நச்சரித்து அதை வாங்க வைத்தேன். முதலில் துணிப் பஞ்சு போய் அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி பஞ்சு. முன்னால் சுழலும் சல்லடை வைத்ததும் அது சரியானது. பிறகு மெஷின்களுக்குப் போகிற குழாயில் வெதுவெதுப்பான தண்ணீர் வர ஆரம்பித்தது. விறகு வண்டி வருவது குறைந்தது. தினமும் காலையில் வந்ததும் வராததுமாய் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அதை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காத ஒருவர் இருந்தார். சாய மாஸ்டர் அருளப்பன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எந்த நிறத்துக்கு எவ்வளவு சாயம், எவ்வளவு உப்பு, எப்போது சூடு ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"அண்ணாச்சி, உங்க தண்ணி சரியில்ல பாத்துக்கிடுங்க" என்றார்.

"தண்ணி அதே தண்ணிதானுங்க மாஸ்டர். சூடு மட்டும்தான் கூட. எப்பிடியும் நீங்க சூடு பண்ணத்தானே போறீங்க?"

"நான் எப்ப சூடு பண்ணணும்னு எனக்குத் தெரியும்லா. அதை உங்க பைப்பு தீர்மானிக்கக் கூடாது."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் குழந்தைகள் உடுப்புக்கான இளம்பச்சை ஆர்டர் வந்தது. வெளிர் நிறத்தில் எந்தக் குறையும் ஒளியாது. துணி வெளியே வந்தபோது மழையில் நனைந்த சுவர்போல் திட்டுத்திட்டாக இருந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் திட்டு. திட்டு விழுந்ததையெல்லாம் கடைசியில் கருநீலத்தில் முக்கி மறைக்க வேண்டியதாயிற்று. கப்பலுக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். விவசாயக் குடும்பத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர். சட்டென்று முடிவெடுப்பார்.

"தண்ணி, தண்ணிங்கறாரு மாஸ்டர். தண்ணி என்னங்க பண்ணும்? வெறகு கொறைஞ்சிருக்கறது என்ற கண்ணுக்கே தெரியுது. மாஸ்டருக்கு வேலையில கவனம் இல்லீங்க. வேற ஆளைப் பாருங்க."

அருளப்பன் அந்த அறையில் இல்லை. எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் சங்கடம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் சென்னியப்பன் என்னைப் பார்த்தார். "மூர்த்தீங்க, மாஸ்டரை அனுப்பறதுக்கு முன்னால, தப்பு தண்ணியில இல்லீன்னு நீங்களே எனக்குக் காமிச்சுக் குடுத்துருங்கீங்க."

இத்தனை 'ங்க' எதற்கு என்று யோசித்தபடியே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கே நிறம் பார்ப்பவர் கலாமணி. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு துணியும் வெளியே போகாது. சாயமேற்றியதும் எல்லாச் சுருளிலிருந்தும் வெட்டி வைத்திருந்த துண்டுகளை விளக்கின் கீழே பரப்பச் சொன்னேன். நல்லதை ஒரு பக்கம், திட்டு விழுந்ததை ஒரு பக்கம் தள்ளினார்.

"நல்லதும் கொஞ்சம் இருக்குதுங்க சார்" என்றார்.

"பாத்தீங்களா? தண்ணி கெட்டதுன்னா எல்லாமேதானே கெடோணும்?"

அவர் துண்டுகளைத் திருப்பி, ஓரத்தில் எழுதியிருந்த மெஷின் எண்களைப் பார்த்தார். "நல்லது அத்தனையும் கடைசி ரெண்டு மெஷின்லீங்க சார். அங்க ஓட்டறவங்க கெட்டிக்காரங்களோ என்னமோ."

ஓட்டுகிறவர்கள் எல்லா மெஷினுக்கும் மாறி மாறிப் போகிறவர்கள்தான். கடைசி இரண்டு மெஷின் வேறு ஒரு வகையில் வேறுபட்டது. அவை வரைக்கும் என் புதுக் குழாய் எட்டவில்லை. அவை இரண்டும் இன்னும் பழைய தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தன.

கலாமணிக்கு இது தெரியாது. குழாய் என் சமாச்சாரம். நான் அந்தத் துண்டுகளின் எண்களை மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். பிறகு நேரே சாயக் கிடங்குக்குப் போனேன். அருளப்பன் டிரம் ஒன்றின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது.

"மாஸ்டர், கடைசி ரெண்டு மெஷின்ல மட்டும் துணி நல்லா வந்திருக்குதுங்க. அங்க என்ற பைப்பு இல்லீங்க."

அவர் மூடியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இதை என்கிட்ட வந்து என்னத்துக்கு அண்ணாச்சி சொல்லுதீங்க?"

"வாங்க, ரெண்டு பேருமா போட்டுப் பாத்துரலாம்."

ஒரே நூல், ஒரே துணி, ஒரே கலவை. ஒரு பங்கு பழைய தொட்டித் தண்ணீர் வரும் மெஷினில், ஒரு பங்கு என் குழாய் வரும் மெஷினில். இரண்டிலும் சாயத்தை அருளப்பன் தன் கையால் கலந்தார். தண்ணீர் ஏறும்போது இரண்டிலும் சூட்டை நான் அளந்தேன். தொட்டித் தண்ணீர் ஒரே மாதிரி வந்தது. என் தண்ணீர், சாக்கடையில் அந்த நேரம் எது ஓடுகிறதோ அதற்குத் தகுந்தாற்போல் ஒருமுறை வெதுவெதுப்பாகவும் ஒருமுறை கை வைக்க முடியாமலும் வந்தது.

"இப்பப் பாருங்க" என்றார் அருளப்பன். "சாயம் பச்சத்தண்ணியில துணி முழுக்கப் பரவணும். அப்புறம் மெதுவா சூடு ஏத்துனா எல்லா இடத்திலயும் சமமா உள்ள போவும். நீங்க முதல்லயே சுடுதண்ணி குடுத்தா, பட்ட இடத்திலயே பிடிச்சிக்கிடும். கருப்பு, நீலத்தில தெரியாது. பச்சைப்பிள்ளை சட்டையில தெரியும்லா?"

துணி காய்ந்து வந்ததும் கலாமணி விளக்கின் கீழே விரித்தார். ஒன்று தளிர்போல் சுத்தமாக இருந்தது. மற்றது திட்டு.

இரண்டு துணியையும் மடித்து எடுத்துக்கொண்டு சென்னியப்பனோடு முதலாளி அறைக்குப் போனேன். அருளப்பனையும் வரச் சொன்னேன். முதலாளி துணிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப மாஸ்டர் சொன்னதுதான் சரிங்களா?"

"ஆமாங்க. தப்பு என்ற பைப்புலதானுங்க."

"அப்பறம் என்ன? புடுங்கிப் போடுங்க அதை. எனக்குத் துணிதானுங்க முக்கியம்."

ஒரு வருஷ உழைப்பு ஒரு வார்த்தையில் போயிற்று. நான் தலையை ஆட்டினேன். அப்போது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"முதலாளி, அதைப் புடுங்க வேண்டாம்."

எல்லோரும் அருளப்பனைத் திரும்பிப் பார்த்தோம்.

"சாயத்துக்கு முன்னால துணியைக் கொதிக்க வச்சு எண்ணெய் எடுக்கோம். சாயத்துக்குப் பிறகு சோப்புல கொதிக்க வைக்கோம். அதுக்கெல்லாம் எப்படியும் சுடுதண்ணிதான் வேணும். அண்ணாச்சி தண்ணி அங்க தங்கம் மாதிரி. துணி குளிக்கும்போது சுடுதண்ணி குடுங்க. சாயம் குடிக்கும்போது மட்டும் பச்சத்தண்ணி குடுங்க. அவ்வளவுதான்."

முதலாளி யோசித்தார். "அப்ப ஒவ்வொரு மெஷினுக்கும் ரெண்டு பைப்புங்களா?"

"ரெண்டு பைப்பு. எது எப்ப தொறக்கணும்னு நான் சொல்லுதேன். எப்படி ஓட்டணும்னு அண்ணாச்சி பாத்துக்கிடுவாவ."

முதலாளி சென்னியப்பனைப் பார்த்தார். அவர், "செஞ்சுரலாம்" என்றார். ஒரு 'ங்க' கூட இல்லை. அப்படியொரு சந்தோஷத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் அப்போதே வெல்டரைக் கூப்பிட்டேன். அடுத்த சில நாட்கள் நானும் அருளப்பனும் புருஷன் பெண்டாட்டி மாதிரி சண்டை போட்டோம். வால்வு மெஷினுக்கு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சண்டை. குழாய்க்கு என்ன நிறம் அடிப்பது என்று சண்டை. சூட்டுக்குச் சிவப்பு என்றேன் நான். சிவப்பு பயமுறுத்தும், ஆரஞ்சு அடி என்றார் அவர். நிறத்தில் அவரோடு மோதி ஜெயிக்க முடியுமா? ஆரஞ்சுதான் அடித்தோம்.

புதுக் குழாயில் போட்ட முதல் இளம்பச்சை லாட் வெளியே வந்த நாளில், கலாமணி சுருளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விளக்கின் கீழே உருட்டிவிட்டு, "குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்லீங்க" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அருளப்பன் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். துணி நேரத்துக்குக் கப்பல் ஏறியது. விறகு வண்டி வருவது மறுபடி கூடவும் இல்லை.

கொஞ்ச காலம் கழித்து வெளிநாட்டு வியாபாரிகள் பட்டறையைப் பார்க்க வந்தார்கள். எரிபொருளை எப்படிக் குறைக்கிறீர்கள் என்று இப்போதெல்லாம் அவர்கள் முதலில் கேட்பது வழக்கமாகிவிட்டது. முதலாளி அவர்களை நேரே ஆரஞ்சுக் குழாயின் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். நானும் அருளப்பனும் சென்னியப்பனும் பின்னால் நின்றோம்.

"டூ பைப்" என்று முதலாளி இரண்டு விரலைக் காட்டினார். "பாத்திங், ஹாட் வாட்டர். டிரிங்கிங், கோல்டு வாட்டர். மை ஐடியா."

வந்தவர்கள் வியந்து தலையாட்டி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அருளப்பன் என் காதருகே குனிந்தார்.

"முதலாளி எவ்வளவு அழகா யோசிச்சிருக்காரு பாத்தீங்களா அண்ணாச்சி?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சென்னியப்பனைப் பார்த்தேன். அவர் முதலாளியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்:

"விடுங்க மூர்த்தி. அவரோடதுன்னு நெனைச்சுட்டாரு. இனி அந்தப் பைப்பை ஆரும் புடுங்க முடியாது."